'பாபிலோன்' தொடருக்கு ஓர் அறிவிப்பு வேண்டும்: குறைதீர்ப்பு அலுவலருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஓடிடி தளத்தில் உள்ள 'பாபிலோன்' என்ற ஜப்பானிய அனிமே (வரைந்த அசைபடத்) தொடர் குறித்து நான் அனுப்பிய புகாரும், 'தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று அதற்கு வந்த பதிலும் தங்கள் கோப்பில் இருக்கும். விதிப்படி 15 நாட்களுக்குள் முடிவு தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கெடு கடந்துவிட்டதால் பொதுவில் எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு பகுதியும் தொடங்குவதற்கு முன், இதில் தற்கொலையும் கொடூர வன்முறையும் இடம்பெறுகின்றன என்ற அறிவிப்பைத் தமிழிலும் காட்டுங்கள்.

தொடரை நீக்கவோ, ஒரு காட்சியையேனும் வெட்டவோ நான் கேட்கவில்லை. மாடோ நோசாகியின் நாவலைத் தழுவி 2019 அக்டோபரில் தொடங்கிய இந்தப் 12 பகுதிகள் பெரியவர்களுக்காகவே எடுக்கப்பட்டவை. மருந்து நிறுவனம் ஒன்றின் முறைகேட்டை விசாரிக்கப் புறப்படும் டோக்கியோ அரசு வழக்கறிஞர் ஸென் செய்சாகி, தற்கொலையைச் சட்டமே அனுமதிக்கும் ஒரு புதிய நகரத்தின் அரசியலுக்குள்ளும், மாகாசே ஐ என்ற பெண்ணின் வலைக்குள்ளும் இழுக்கப்படுகிறார். சட்டமும் அறமும் எங்கே பிரிகின்றன என்பதை இவ்வளவு துணிந்து கேட்ட அனிமே குறைவு. அமெரிக்க அதிபர் கதைக்குள் வந்த பிறகு எல்லாம் தடுமாறுகிறது என்பது என் தனிப்பட்ட மனக்குறை. அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல.

தாங்கள் பொறுப்பேற்க வேண்டியது, தங்கள் தளத்தில் இருக்கும் கதைச்சுருக்கத்துக்கு. அதில் மருந்து நிறுவன மோசடியும் நேர்மையான வழக்கறிஞரும் மட்டுமே இருக்கிறார்கள். நீதிமன்றக் கதைகளை விரும்பிப் பார்க்கும் என் தோழி ஒருவர் அதை நம்பித்தான் பார்க்கத் தொடங்கினார். அவர் தம் தம்பியைத் தற்கொலையில் பறிகொடுத்தவர். மூன்றாம் பகுதியின் முடிவில் என்ன காட்டப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். அவர் நிலைகுலைந்து ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த பகுதி தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. அதோடு விட்டதா என்றால் இல்லை. மறுநாள் முதல் தொலைக்காட்சியைப் போட்டாலே, 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையின் முதல் இடத்தில் அதே தொடரின் படம் வந்து நிற்கிறது. அதை அங்கிருந்து எடுக்கத் தங்கள் செயலியில் வழியில்லை என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில் யாராவது தங்கள் தளத்தைத் திறந்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். சந்தா மட்டும் அவர் பெயரில் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது.

ஒரு பாத்திரம் சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் அடியில் புகையிலை எச்சரிக்கை ஓடுகிறது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த விதியைத் தாங்கள் வழுவாமல் பின்பற்றுவது பாராட்டத்தக்கதே. ஆனால் ஏழாம் பகுதியில் நடக்கும் கொலைக்கு முன்னால் ஒரு வரியும் இல்லை. பார்வையாளரின் நுரையீரல் மீது இருக்கும் அக்கறையில் சிறிது மனத்தின் மீதும் வைக்கலாகாதா? போதாக்குறைக்கு இத்தொடருக்கு யு/ஏ 13+ என்று சான்று. வரைந்த படம் என்றால் பிள்ளைகளுக்குத்தான் என்று யாரோ பார்க்காமலே முடிவு செய்திருக்கிறார்கள் போலும். விடுமுறைக் காலத்தில் இது சிறுவர் தொடர்களின் பக்கத்திலேயே பரிந்துரையாக வந்ததையும் கண்டேன். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், படைப்பின் தன்மையைத் தொடக்கத்திலேயே பார்வையாளருக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. தற்கொலைக்கும் சுயகாயத்துக்கும் தூண்டக்கூடிய சித்திரிப்புகளை உயர்ந்த வயதுப் பிரிவில் வைக்கவும் சொல்கின்றன. இவை தங்களுக்குத் தெரியாதவை அல்ல.

சற்றுக் கடிந்து எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அந்த அறிவிப்பையும், அதனுடன் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் காட்டுமாறும், தொடரை 'ஏ' பிரிவுக்கு மாற்றுமாறும், வேண்டாத தொடரைப் பார்வையாளரே தம் வரிசையிலிருந்து நீக்கிக்கொள்ள வழி செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்முறை பதிலை ஒரு மனிதர் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர் ஒருவன்