கூத்துக்கு அச்சாரம் கொடுக்கும் முன்
விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கூத்தும் நாடகமும் கச்சேரியும் நடத்தும் கோயில் விழாக் குழுவினருக்கும் கலை மன்றத்தாருக்கும் வணக்கம்.

பந்தல், மைக்செட், கூத்து வாத்தியார் எல்லாம் பேசி முடித்து, நோட்டீஸும் ஒட்டிய பிறகுதான் 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏதாவது செய்யணுமே' என்ற பேச்சு எழுகிறது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைப்பது ஒரு பலகை. 3 அடி மேடைக்கு 8 அடிப் பலகையைச் சாய்த்தால் சக்கர நாற்காலி ஏறாது. எப்படியோ ஏற்றிவிட்டாலும் இறங்கும்போது ஆளைக் குப்புறத் தள்ளும். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. 3 அடிக்கு 36 அடி, நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம். கோயில் தெருவில் அவ்வளவு இடம் ஏது? மேடையைத் தாழ்த்துவதே வழி. கூத்து ஆடும் களமான களரி தரையில் இருந்ததுதானே. உயர்த்தியது பிற்பாடு வந்த பழக்கம். களரி தரைக்கு வந்தால் சக்கர நாற்காலியில் வரும் கலைஞரும் உள்ளே வரலாம்.

தேவனாம்பட்டினம் போன்ற மணல் இடங்களில் முன்சக்கரம் புதையும். தென்னை நார்ப் பாய் சுருண்டுகொள்ளும், உதவாது. 8-க்கு 4 பிளைவுட் பலகைகளை நீளவாக்கில் போட்டு, இணைப்புகளை அடியில் ரீப்பர் கொடுத்து ஆணி அடியுங்கள். ஜெனரேட்டர் ஒயர் அந்தப் பாதையைக் கடக்கக் கூடாது. கடந்தே ஆகவேண்டுமென்றால் புதையுங்கள். நாற்காலிக்கான இடம் 90 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். பக்கத்திலேயே உடன் வந்தவருக்கு ஒரு இருக்கை. ஸ்பீக்கர் பாக்ஸ் அடியில் ஒதுக்குவது வேண்டாம். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுதான் தெரியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவறை: வாடகைக்கு வரும் நடமாடும் கழிவறைக்குப் பெரும்பாலும் படிகள் இருக்கும். படியில்லாதது உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

காது கேளாதோர் விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். சைகை மொழிபெயர்ப்பாளரை மேடையின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, நாடகத்தில் இருட்டுக் காட்சி வந்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். அவருடைய கைகளும் சேர்ந்து மறைந்துவிடும். அவருக்குத் தனி விளக்கு, தனி சுவிட்ச் வேண்டும். பின்னால் மின்னும் எல்.இ.டி. திரை இருக்கக் கூடாது. ஒருவரே இரவெல்லாம் செய்ய முடியாது; இரண்டு பேர், 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ளட்டும். கதையையும் பாட்டையும் ஒரு வாரம் முன்பே வாத்தியாரிடம் வாங்கிக் கொடுங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த நிமிடத்தில் அடிக்கும் கிண்டலுக்கு ஏடு கிடையாது, அது மொழிபெயர்ப்பாளர் பாடு. மற்றதாவது கைவசம் இருக்கட்டும்.

திரையில் தமிழ் வரிகள் ஓடவிடுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் இரண்டு வரி போதும். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பிறவியிலேயே கேளாத பலருக்கு முதல் மொழி சைகைதான். எழுத்து அதற்கு மாற்றாகாது.

காது மிஷின் போட்டவர்களுக்கு, அவர்கள் உட்காரும் இடத்தைச் சுற்றி ஓடி மேடை ஒலியைக் காந்தப் புலமாக மிஷினுக்கே தரும் லூப் ஒயர் போடலாம், அதைப் பிடிக்கும் 'டி' வசதி மிஷினில் இருக்க வேண்டும். சின்ன மிஷின்கள் பலவற்றில் அது இருப்பதில்லை, விசாரித்துவிட்டு இறங்குங்கள். மைக்செட்காரர் சாதாரண ஆம்ப்ளிஃபயரிலேயே ஒயரைச் சொருகப் பார்ப்பார். 40 மீட்டர் ஒயரின் தடை ஓர் ஓம்கூட வராது, ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும். லூப்புக்கென்று இருக்கும் கருவிதான் வேண்டும். விளக்கு டிம்மர் ஒயர் பக்கத்தில் போனால் இரவு முழுக்க ரீங்காரம்.

பார்வையற்றோருக்குக் கூத்தைவிட நல்ல கலை இல்லை என்போம். பாட்டு, தாளம், சலங்கை, முகவீணை என்று பாதிக் கூத்து காதிலேயே வந்துவிடும். மீதிக்கு வர்ணனை. திரையை இருவர் பிடித்திருக்க, பின்னாலிருந்து வேடம் ஆடிக்கொண்டே வருவதை யாராவது சொன்னால்தான் தெரியும். இதைப் போன் இணைப்பில் அனுப்ப முயலாதீர்கள். கூட்டம் சேர்ந்ததும் நெட் படுத்துவிடும், நாலைந்து நொடி பிந்தினாலும் அடி விழுந்த பிறகு கை ஓங்கும் கதைதான். சுற்றுலா வழிகாட்டிகள் வைத்திருக்கும் சிறிய டிரான்ஸ்மிட்டரும் ரிசீவர்களும் போதும். இயர்போன் ஒரு காதில் மட்டும். வர்ணனையாளர் பாட்டுக்கு நடுவே வாய் திறக்கக் கூடாது, பின்பாட்டு திரும்ப வரும் இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லலாம்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பு பார்வையற்றோர் தொட்டுப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், சலங்கை எல்லாம் கையில் கொடுங்கள். அரிதாரம் பூசிய முகம் மட்டும் வேண்டாம், கலைந்துவிடும். திரௌபதி அம்மன் கோயில்களில், துரியோதனன் வீழ்வதை நடத்திக் காட்டும் படுகளத்துக்கு மண்ணில் துரியோதனன் உருவம் செய்கிறீர்களே, பூசாரி சம்மதித்தால் கூட்டம் வரும் முன் அவர்களைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். அதன் பிரம்மாண்டம் காலடிக் கணக்கில் விளங்கிவிடும்.

வேட்டு வெடிப்பதாக இருந்தால் முன்பே அறிவியுங்கள், சத்தம் தாங்காத பிள்ளைகள் ஒதுங்க அமைதியான ஓர் இடம் காட்டுங்கள். வாட்ஸ்ஆப்பில் நோட்டீஸ் படத்தை மட்டும் அனுப்பாமல், நாள், நேரம், இடம், என்ன ஏற்பாடு என்பதைக் கீழே டைப் அடியுங்கள். படத்திலுள்ள எழுத்தை, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் போனின் திரைவாசிப்பான் பல நேரம் படிப்பதில்லை. ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்லாமல் விட்டால் யாரும் வரமாட்டார்கள், அப்புறம் 'யாருமே வரலையே' என்ற பேச்சு வரும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலைகள் அனைவருக்கும் எட்டும்படி செய்வதை அரசின், உள்ளாட்சியின் கடமையாக்கியிருக்கிறது. அரசு நிதி கேட்டு மனு எழுதும்போது அதைக் குறிப்பிட்டு, மொழிபெயர்ப்பாளர் இருவர் சம்பளம், ரிசீவர் வாடகை, பிளைவுட் என்று தனித்தனி வரியாகப் போடுங்கள். 'இதர செலவு' என்று போட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

இந்த முறை எல்லாம் முடியாதென்றால் தாழ்ந்த களரியும் தொட்டுப் பார்க்கும் ஒரு மணி நேரமும் போதும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் வாத்தியாருக்கு அச்சாரம் கொடுக்கும் அன்றே பேசிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கலை நிகழ்ச்சிகளில் அணுகல் ஏற்பாட்டுப் பணி செய்வோர்
கடலூர், புதுச்சேரி