கடன் எழுத மறுத்த அண்ணாச்சிக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

பெரியவர்களுக்கும், உறவினர்களுக்கும், எங்கள் கரையில் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

என் கணவர் போனில் பணம் கட்டி ஆடிய ஆட்டத்தால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது மண்டபத்திலிருந்து பாம்பன் வரை தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. வட்டிக்கு வாங்கியதில் கடைசியாக நின்றிருந்த பத்திரம் போன வாரம் எங்கள் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. நகை இன்னும் கூட்டுறவுச் சங்கத்தில்தான் இருக்கிறது, மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணைகளும் இருக்கின்றன. ஆனாலும் விடிவதற்கு முன் வாசலில் நின்று என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கடன் இனி எங்களுக்கு இல்லை. இந்த நிம்மதி பழகிப்போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் கேட்டேன். "எழுது, என் பேரு மட்டும் வேண்டாம்" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்கு. தன்னைப் பற்றி எழுதுவதை அவர் விரும்பமாட்டார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும் என்பதும், அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தைத் தவிர அந்த நாட்களில் வேறு வரும்படி அநேகமாக இருக்காது என்பதும் இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் எங்கள் பாக்கி ஏறிக்கொண்டே போயிருந்தது. பிறர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து, பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். பாக்கியை நினைவுபடுத்துவார், அல்லது அரைமனதோடு அரிசி பருப்பை அளந்து தருவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். எங்கள் கணக்கு நோட்டை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்தார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, முந்தைய மாதங்களின் பக்கங்களை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அவர் வாசித்தது பாக்கித் தொகையை அல்ல, நாங்கள் வாங்கிய சாமான்களை. மீன் குழம்பு மசாலாப் பாக்கெட், பிள்ளைகளுக்கு பிஸ்கட், விருந்தாளி வந்தபோது வாங்கிய கலர், பாத்திரம் துலக்கும் திரவம், இரண்டு வகைச் சோப்பு, வீட்டில் ரேஷன் அரிசி இருக்கும்போதே வாங்கிய பொன்னி அரிசி என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, சிலவற்றுக்கு எதிரே சிறு கோடு போட்டுக்கொண்டே வந்தார். இடையிடையே 'ரீசார்ஜ்' என்று எழுதியிருந்த வரிகள் வந்தன. ஒரு பக்கத்தில் அவை அடுத்தடுத்து நின்றன. அங்கே மட்டும் கோடும் போடவில்லை, வாயும் திறக்கவில்லை, பக்கத்தைப் புரட்டிவிட்டார். அந்த மௌனத்துக்காக அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

வாசித்து முடித்ததும், "இந்தக் கோடு போட்டதெல்லாம் நான் லாபம் பாத்த சாமான் தங்கச்சி. ஒன் வீட்டுக்கு வேண்டியது மிச்சம் இருக்குறதுதான்" என்றார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு, இனிமேல் அதில் எங்கள் பெயருக்கு ஒரு வரிகூட எழுதப்போவதில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "சாமான் தரமாட்டேன்னு சொல்லல. கடனுக்கு வாங்குறப்ப யாரும் வெல கேக்க மாட்டாக. பத்து ரூவாய்க்குப் பருப்பு கேளு, அம்பது ரூவாய்க்கு எண்ணெய் கேளு, அளந்து தாரேன். ஆனா காசு குடுத்து வாங்கு. அப்பத்தான் கணக்கு ஒனக்குத் தெரியும்" என்றார். பழைய பாக்கியை என்ன செய்வது என்று கேட்டேன். "என் கடன் தூங்கும், கெடக்கட்டும். வட்டிக் கடன் தூங்காது. அத மொதல்ல அடைச்சிட்டு வாங்க" என்றார்.

வியாபாரம் செய்யும் ஒருவர் தன் விற்பனையைத் தானே குறைத்துக்கொண்டு, தனக்கு வர வேண்டிய பணத்தையும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவைத்தார். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சொல்லில் இருந்த கணக்கும் சரியான கணக்குத்தான். நூற்றுக்குப் பத்து வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டியாகப் போகும். ஒரு வருடத்தில் 12,000 ரூபாய் கட்டிய பிறகும் வாங்கிய 10,000 அப்படியே நிற்கும். அதுவரை நான் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன், எதுவும் குறையவில்லை. அன்றைக்குப் பிறகுதான் சொந்தக்காரர்களிடமும் கடையிலும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதிக வட்டி ஓடும் கடனை மட்டும் குறிவைத்து அடைக்கத் தொடங்கினோம்.

வீட்டுச் செலவும் அந்தச் சிவப்புக் கோடுகளின்படியே குறைந்தது. மசாலாப் பாக்கெட்டை நிறுத்திவிட்டு முண்டு மிளகாயும் மல்லியும் வாங்கி மில்லில் அரைத்துக்கொண்டேன். ரேஷன் அரிசியை இட்லிக்கும் கோழிக்கும் என்று ஒதுக்கி வைத்த பழக்கத்தை விட்டு, நன்றாகக் களைந்து ஊறவைத்துச் சோறாக்கினேன். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலையும் ஒரு மாதம்கூட விடவில்லை. படகு ஓடும் நாட்களில் பங்கோடு கிடைக்கும் கறிமீனில் மிஞ்சியதை உப்பிட்டுக் காயவைத்து அடுத்த தடைக்காலத்துக்கு எடுத்து வைத்தேன். மாதம் 6,000 ரூபாயைத் தாண்டிக்கொண்டிருந்த மளிகைச் செலவு 2,700க்குள் வந்தது. பிள்ளைகள் வயிறு வாடியதில்லை என்பதை என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். முதல் சில வாரங்கள் பிஸ்கட்டுக்காகச் சின்னவள் அழுதாள் என்பதும் உண்மை. அண்ணாச்சி ஒருநாள்கூட அவள் கையில் இலவசமாக ஒரு பாக்கெட்டைத் திணிக்கவில்லை. அதையும் நான் அவருடைய உதவிகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். தெருவே பார்க்கத் தானம் வாங்கும் வீடாக எங்களை அவர் ஆக்கவில்லை. பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் மற்றவர்களுக்குப் போலவே தராசைத் துடைத்து வைத்து நிறுத்து, பொட்டலத்தை நூல்போட்டுக் கட்டிக் கையில் கொடுத்தார்.

இனி மற்றவர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், பொறுத்தருள வேண்டும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு மருத்துவர், என் கணவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் நோயாளியாக உட்காரவைத்துப் பேசினார். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்றும், விட்டதைப் பிடிக்கத்தான் மறுபடி ஆடுகிறேன் என்ற எண்ணம் இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்றும் அவர் சொல்லித்தான் நாங்கள் இருவரும் புரிந்துகொண்டோம். நடு இரவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசிய, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் நன்றி. படகு உரிமையாளர் என் கணவருக்குரிய பங்கை அவர் கேட்டுக்கொண்டபடியே என் வங்கிக் கணக்கில் போட்டுவருகிறார், முன்பணம் கேட்டாலும் கொடுப்பதில்லை. எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்களின் சும்மா இருக்கும் பொழுதுதான் போனைக் கையில் எடுக்க வைத்தது. அந்தப் பொழுதுகளில் அவரைக் கிழிந்த வலை பொத்த அழைத்துக்கொண்டு போய், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்ட உடன் தொழிலாளிகளுக்கும், பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்த என் தம்பிக்கும் நன்றி.

மகளிர் குழுவின் அக்கா தங்கைகள் உள்கடன் கொடுத்தபோது அதைப் பணமாக எங்களிடம் தரவில்லை. இரண்டு பேர் என்னோடு வந்து, வட்டிக்காரர் கையில் நேராகக் கொடுத்து, பத்திரத்தை வாங்கிய பிறகுதான் திரும்பினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் துணைக்கு வந்திருந்தார். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடைசெய்யும் சட்டம் 2003லிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதை அவர் குரலை உயர்த்தாமல் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு அசலோடு முடிந்தது. என் நாத்தனார், தன் மகளின் சடங்குக்கு நாங்கள் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் சீரைத் தானே வேண்டாம் என்று சொல்லி, "அண்ணன் தேங்காய் பழத் தட்டோட வந்து நின்னா அதுவே சீரு மதினி" என்று ஊரார் கேட்கச் சொன்னார். செய்முறைக்காகவே கடன் வாங்கும் எங்கள் பக்கத்தில் இதை எத்தனை பேர் சொல்வார்கள்?

இந்த மடலில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டு தடைசெய்யப்பட்டபோது என் அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது நானும் அதே பெருமூச்சை விட்டேன். அதற்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் ஆட்டம் நின்ற நாளில் கடன் நின்றுவிடுவதில்லை; ஆடவேண்டும் என்ற தவிப்பும் அன்றோடு நின்றுவிடுவதில்லை. வேறு வேறு பெயர்களில் புதிய புதிய வழிகள் போனைத் தேடி வந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தத் தவிப்பு குறைந்திருக்கிறது, முற்றாகப் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். அவரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. மருத்துவரிடம் போவதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை.

நோயின் நடுவில் எங்களுக்குப் பணமாகக் கொடுத்து உதவியவர்களும் உண்டு. அவர்களுடைய நல்ல மனதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஒவ்வொரு ரூபாயும் திருப்பித் தரப்படும். ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்று அவர்களுக்கே தெரியும். இந்த நோய் இருக்கும் வீட்டுக்குப் பணத்தைக் காட்டிலும், பணம் போகும் வழியை அடைத்துக் கொடுக்கிறவர்கள்தான் முதலில் தேவை. அந்த உதவியைச் செய்யக் கூடுதலான தைரியம் வேண்டும், ஏனென்றால் செய்யும்போது அது மறுப்பைப் போலத்தான் தெரியும். அண்ணாச்சி நோட்டை மூடியபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கடையின் பழைய பாக்கியை இந்த மாதப் பங்கிலிருந்து கட்டத் தொடங்குகிறோம். அது தீரும் நாளில் அந்தக் கணக்கு நோட்டை அண்ணாச்சியிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளப்போகிறேன். எங்கள் வீட்டைப் போலத் தவிக்கும் எந்த வீட்டுப் பெண் கூப்பிட்டாலும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவளோடு உட்கார்ந்து, அவள் வீட்டுச் செலவை வரி வரியாகப் படித்துப் பார்ப்பேன் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன். ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்தால் தயங்காமல் கேளுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் கணவருக்கு யாரும் இப்போதைக்குக் கைமாற்று கொடுக்க வேண்டாம், அவரே வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இந்த வரியை எழுதச் சொன்னவர் அவர்தான்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு மீனவர் குடும்பத்துப் பெண்