ரயில் வந்தது, நடைபாதை வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் ரயிலுக்குக் குறைவில்லை. புத்ராஜெயா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) தடம் 2023 மார்ச் 16இல் முழுதாகத் திறந்தபோது, வேலை நாள் என்றும் பாராமல் ஏறிப் பார்த்தேன். குவாசா டாமன்சாராவிலிருந்து புத்ராஜெயா வரை 57.7 கிலோமீட்டர். அருமையான பயணம்.

தொல்லையெல்லாம் வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில்தான். எங்கள் அடுக்குமாடியிலிருந்து பார்த்தால் நிலையம் தெரியும். ஆனால் நடைபாதை பாதியிலேயே ஒரு சாக்கடைக் குழியில் முடிகிறது. மூடி காணாமல் போய் ஒரு வருடமாகிறது. யாரோ புண்ணியவான் அதில் தென்னை மட்டையை நட்டு வைத்திருக்கிறார். அம்மா காய்கறிப் பையோடு சாலையில் இறங்கி மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடக்கிறார். மழை வந்தால் கிரெப் வாடகைக் கார்தான், வேறு வழியில்லை.

புகார் செய்தேன். குறுஞ்செய்தியில் ஓர் எண் வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. சரி, யாரைப் போய்க் கேட்பது? நாட்டில் நகராட்சி, ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள், 1976 சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. மற்ற மாநிலத்தவருக்குச் சட்டமன்ற உறுப்பினராவது உண்டு. மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள கூட்டரசுப் பிரதேசத்துக்காரர்களான எங்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு ஒன்றுதான். சாக்கடை மூடிக்கு நாடாளுமன்றமா?

மூடியின் அளவை எடுத்து வைத்திருக்கிறேன்: இரண்டடிக்கு இரண்டடி.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்