ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் நம் படிப்பகம் இவ்வாண்டும் தடையில்லாமல் நடந்தது. பொங்கல் விழா, மாணவர் பேச்சுப்போட்டி, மாலை வகுப்பு எல்லாம் வழக்கம்போல்தான். சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய விவரங்களும் காலத்தோடு போய்ச் சேர்ந்தன.

செயலவைக் கூட்டங்களில் பாதி நேரத்தை விழுங்கியது நன்கொடை விவகாரம். வட்டாரத் தொழிலதிபர் ஒருவர் மாடியில் மாணவர் கூடம் கட்டித் தருவதாகச் சொன்னார். கூடத்துக்குத் தம் தந்தையார் பெயர் வைக்க வேண்டும், செயலவையில் தமக்கு நிரந்தர இடம் வேண்டும் என்றார். பெயருக்குச் சரி என்றோம். இடம் தர ஒப்பவில்லை. செயலவையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்தப் பொதுக்கூட்டத்துக்குத்தான் உண்டு. யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

"கொடுக்க வந்தவரை விரட்டலாமா?" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வருந்தினார்கள். கோலாலம்பூர் செல்வந்தர் கொடையால் வளர்ந்த ஊர்தான், மறுக்கவில்லை. 1893இல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி உருவானபோது லோக் இயூ, யாப் குவான் செங் ஆகியோரோடு நம் தம்புசாமிப் பிள்ளையும் அள்ளிக் கொடுத்தார். ஆனால் பலர் சேர்ந்து கொடுத்ததால் பள்ளி எவர் ஒருவருக்கும் சொந்தமாகவில்லை. இன்று அது அரசுப் பள்ளி. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோதும், சாதாரண மக்கள் தங்களால் இயன்ற பணத்தைப் போட்டார்கள்.

இன்னொரு சிக்கல், கட்டடம் கட்டித் தர ஆள் கிடைக்கிறார்கள், மாதாமாதம் மின்கட்டணம் கட்ட யாரும் வருவதில்லை. பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதுபோல் மின்கட்டண ரசீதோடு எடுக்க முடியாதே! கூடம் வந்தால் குளிர்சாதனம், துப்புரவு, பராமரிப்பு எல்லாம் நம் தலையில்தான் விழும். அதனால் கட்டடத்தோடு பராமரிப்புக்கும் ஒரு தொகை வைப்புநிதியாகத் தர வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறோம்.

அப்புறம் வரி ரசீது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புக்கு ரொக்கம் கொடுத்தால், நிறுவனங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். நம்மிடம் அந்த ஒப்புதல் இல்லை. பெரிய நிறுவனங்கள் நம் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதிய செயலவை முதல் வேலையாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீருக்குப் போகுமுன் அவரைப் பார்த்துவிடுங்கள்.

நன்றி.

செயலாளர்