மதினிக்கு, பிப்ரவரிப் பயணம் பற்றி

மதினி,

அம்மாவின் வருசத் திதி போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. இனிமேல் வெளியூர் போகலாம், ஒன்றும் குற்றமில்லை என்று பெரியப்பா சொன்னார். அன்றைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுவிட்டேன். பிப்ரவரி இரண்டாவது வாரம், சென்னையிலிருந்து அந்தமான். உங்களுக்கும் எனக்கும்.

உங்களிடம் கேட்காமல் போட்டது தப்புதான். கேட்டிருந்தால் "எதுக்குடி இப்போ" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பியிருப்பீர்கள். பத்து வருசமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் நேரில் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் சில விஷயங்களை எழுத மாட்டேன். அண்ணன் அன்றைக்கு என்ன சொன்னான் என்பது உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

திதி அன்று ஐயர் சாமான் பட்டியல் சொல்லச் சொல்ல, எழுதுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று உங்கள் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். அளவு நோட்டு இருந்தது. கைச் சுற்றளவு, தோள், இறக்கம் என்று பக்கம் பக்கமாக யார் யாருடைய அளவோ. நடுவில் நாலு பக்கம் மட்டும் வேறு மாதிரி. நீங்கள் அதைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று இத்தனை வருசம் நினைத்திருந்தேன்.

2016, சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை ராத்திரி. எல்லோரும் அழகரைப் பார்க்கத் தல்லாகுளம் போய்விட்டார்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் இருந்துவிட்டீர்கள். உங்களுக்குத் துணையாக நான். செல்லூர் வீட்டு மொட்டை மாடியில் தரை இன்னும் சூடு ஆறவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, பாய் விரித்து, பாப்பாவை நடுவில் போட்டுப் படுத்திருந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் விளக்கு வெளிச்சம். கொட்டுச் சத்தம் விட்டு விட்டு வந்தது. நீங்கள் திடீரென்று எழுந்து கீழே போய் இந்த நோட்டை எடுத்துவந்தீர்கள். செல்போன் டார்ச்சைப் பிடிக்கச் சொன்னீர்கள்.

ப்ளவுஸ் தைக்க வரும் டீச்சரம்மாவின் தம்பி போர்ட் பிளேரில் கடை வைத்திருந்தார் இல்லையா, அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தீர்கள். சென்னையிலிருந்து கப்பல். மூன்று நாள் கடலிலேயே. பங்க் கிளாஸ், அதுதான் மலிவு. இட்லிப் பொடியும் புளியோதரையும் முதல் இரண்டு நாளைக்கு. அங்கே இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைத்தெருவில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். வெற்றிமலை முருகன் கோயில், செல்லுலார் ஜெயில், அப்புறம் ஹேவ்லாக் தீவு. சீட்டு எடுத்த காசு 48,000 இருந்தது உங்களிடம். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே தொகை போட்டு, அடியில் கூட்டி, 2,300 மிச்சம் என்று வட்டம் போட்டிருந்தீர்கள். மிச்சத்துக்கு வட்டம் போட்ட ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

"அண்ணன்கிட்ட நீ பேச்சை எடு. நீ சொன்னா கேப்பாரு" என்றீர்கள். சரி என்றேன்.

மறுநாள் காலையில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அண்ணனிடம் இல்லை. அம்மாவிடம். மற்றது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதமே அந்த 48,000 தெற்காவணி மூல வீதியில் என் கழுத்துக்கு இரண்டு பவுன் சங்கிலி ஆனது.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் நிச்சயமாகி இருந்தது, சங்கிலி போடச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் வாய் தவறவில்லை மதினி. அந்த நோட்டில் முதல் வரியில் "3 பேர்" என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன், நீங்கள், பாப்பா. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்திருந்த எனக்கு அதில் இடம் இல்லை. டார்ச்சைப் பிடிக்க மட்டும் நான். அந்த ராத்திரி முழுக்க அது தொண்டையில் நின்றது. அதனால்தான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் ஏன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை? அம்மா கேட்டதும் பீரோவைத் திறந்து கொடுத்தீர்கள். அப்புறம் என் வளைகாப்பில், என் மாமியார் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, சந்தனம் பூசிக்கொண்டே "என் கப்பல் இவ கழுத்துல கிடக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். என் மாமியார் அதற்கு அர்த்தம் கேட்டார்கள், நான் ஏதோ பொய் சொன்னேன். கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு, பிறகு நாலு பேர் முன்னால் குத்திக்காட்டுவது நியாயமா? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. மறைக்க விரும்பவில்லை.

அம்மா என்னைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்ததைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் பெருமையாகப் பேசியிருக்கிறாள். அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவள் கையில் அன்றைக்கு என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பவுன் மதினி தைத்துச் சேர்த்த காசு. இது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியட்டும். இன்றைய பவுன் விலைக்கு அதைத் திருப்பித் தர என்னால் முடியாது. டிக்கெட் போட முடிந்தது.

சரி, பயண விஷயம்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர். எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கி லோக்கல் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். டாக்சிக் காசு மிச்சம். விமானம் போகவர ஆளுக்கு 11,600. இரண்டு மாதம் முன்னால் போட்டதால் இந்த விலை. டிசம்பர், ஜனவரி கூட்டத்தில் இதற்குக் கிடைக்காது. மே வந்துவிட்டால் அங்கே மழை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பிப்ரவரி. போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார் பக்கம் சின்ன அறை. சாப்பாடு, அறை, படகு எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டாது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் அளவுக்குத் துல்லியமாக வரவில்லை, நீங்கள் ஒரு தரம் பாருங்கள்.

நீங்கள் எழுதியிருந்த ஊர்ப் பெயரெல்லாம் மாறிவிட்டது. ஹேவ்லாக் 2018 கடைசியில் சுவராஜ் தீவு ஆனது. போர்ட் பிளேரே 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. கடல் அதே கடல்தான்.

சென்னையிலிருந்து கப்பல் போடவில்லை என்று வருத்தப்படாதீர்கள். மாதத்துக்குச் சில தடவைதான் கிளம்புகிறது, தேதியும் முன்னே பின்னே ஆகிறது. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் நம் இரண்டு பேர் வீட்டிலும் தாங்காது. ஆனால் ஹேவ்லாக்குக்குத் தனியார் ஏசி படகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அரசாங்கக் கப்பலில் போவோம். காசும் குறைவு, மேல்தளத்தில் நின்றுகொண்டே போகலாம். இரண்டரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு அவ்வளவு நேரமாவது கப்பல் வேண்டும் என்று நினைத்தேன். காற்று அதிகமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேர் வந்துவிடுகிறோம்.

இன்னொன்று. அங்கே ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். தீவு ரொம்பக் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. நம் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முந்தி. ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்கு மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்ப வேண்டும், ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகலாம் என்றால் இருட்டைத்தான் பார்ப்போம். கரையில் கிடக்கும் பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது, சட்டப்படி குற்றம். பாப்பா கேட்பாள்.

பாப்பாவிடம் மட்டும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டு பேர் என்று போட்டுவிட்டு ராத்திரி படுத்தபிறகுதான் அவள் ஞாபகம் வந்தது. அவள் பெயர் ஏன் இதில் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அவளிடம் சொல்கிறேன்.