செயலாளரின் ஆண்டறிக்கை: சிவப்புக்கோட்டு மரவட்டையும் அதன் இருப்பிடங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, மழைக்காலத்தில் நம் வட்டாரத்துக் கூரைவீடுகளில் மிகுதியாகத் தென்படும் மரவட்டையை இனங்கண்டு, அது வாழும் இடங்களைப் பதிவுசெய்வதே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக இருந்தது. கருத்த உடலின் முதுகில் நெடுக ஓடும் சிவந்த பட்டையும் சிவந்த கால்களும் கொண்ட இவ்வுயிரி, 1775இல் ஃபப்ரீசியஸ் என்னும் விலங்கியலாளர் விவரித்த செனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்னும் இனமாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது.

நிறத்தை மட்டும் கொண்டு இனத்தை உறுதிசெய்வதில்லை எனக் களக்குழு கண்டிப்பாக இருந்தது. மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் அனுப்பியவர்களின் பதிவுகள் 'உறுதியாகாதவை' எனத் தனியே வைக்கப்பட்டதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டென்பதை அறிவேன். ஆயினும் அது தேவையான கண்டிப்பே. இளம் மரவட்டை தோலுரித்து வளர வளர வளையங்களும் கால்களும் கூடுவதால், கால்களை எண்ணுவதும் பயன் தராது. முதிர்ந்த ஆணின் 7ஆம் வளையத்தில் நடைக்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இனச்சேர்க்கைக்கென உருமாறிய கால்கள் இருக்கும். அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், 70 விழுக்காடு ஆல்கஹாலில் பதப்படுத்திய ஆண் மாதிரிகளை உருப்பெருக்கியில் பார்த்தே உறுதிசெய்தோம். தொட்டால் பந்தாகச் சுருளும் பருத்த மரவட்டைகள் ஆர்த்ரோஸ்பேரா என்னும் வேறு பேரினம் என்பதால் இக்கணக்கில் சேரவில்லை.

மட்கிய இலைச்சருகும் ஈரமும் உள்ள இடமே சிவப்புக்கோட்டு மரவட்டையின் வாழிடம். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த பழங்கூரை இவ்விரண்டையும் ஒருசேரத் தருவதால், அங்கே பெருகி, உறங்குவோர்மீதும் உலைப்பானையிலும் உதிர்ந்து தொல்லை தருகிறது. இது கொட்டுவதில்லை, ஆனால் தற்காப்புக்காகக் கசியவிடும் குயினோன் என்னும் வேதிப்பொருள் கலந்த நீர் தோலில் கறை படியச் செய்யும், கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். ஆகவே பதிவுக்குச் செல்லும் உறுப்பினர்கள், சிறப்பாக மாணவர்கள், வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

கூரைவீடுகள் காங்கிரீட் வீடுகளாக மாறிவருவதால், வரும் ஆண்டில் மாட்டுக்கொட்டில்களையும் தென்னந்தோப்புச் சருகுக் குவியல்களையும் பதிவில் சேர்க்கவும், ஊர்ப்பெயருடன் கூரையின் வகையையும் எழுதும்படி படிவத்தைத் திருத்தவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே அளிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்