மயக்க மருத்துவரை ஆபரேஷனுக்கு முதல் நாளே நோயாளியின் கட்டிலுக்கு அனுப்புங்கள்

அறுவை சிகிச்சை செய்யும் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் மூட்டு மாற்ற, போன வருடம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு நர்ஸ் வந்து, "பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று சொல்லவில்லை. காலையில், "ஒண்ணும் சாப்பிடலையே?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டால் யார்தான் சாப்பிட்டேன் என்பார்கள்? அம்மா தலையாட்டிவிட்டார்.

பதினோரு மணிக்குத் தியேட்டர் வாசலில்தான் மயக்க மருத்துவரை முதன்முதலாகப் பார்த்தோம். அவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்து, "காலையில காபி எத்தனை மணிக்கும்மா குடிச்சீங்க?" என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏழு மணிக்கு. அரை டம்ளர்தான்" என்றார். பக்கத்துக் கட்டிலின் பிளாஸ்க்கிலிருந்து வாங்கியிருக்கிறார். எனக்கே தெரியாது.

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பால் கலந்த காபி உணவுக் கணக்கு, 6 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று அவர் விளக்கினார். மயக்கத்தில் இருமலும் விழுங்குவதும் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தாலும், அது போதாமல் முழு மயக்கத்துக்குப் போக நேரலாம். ஆனால் வெறும் தண்ணீரோ பால் விடாத கடுங்காப்பியோ பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாமாம். அதாவது அம்மா காலை ஒன்பது வரை தண்ணீர் குடித்திருக்கலாம். ஒன்பது மணி நேரம் நாக்கு வறளவிட்டதுதான் அவரை அந்த பிளாஸ்க்கிடம் அனுப்பியது.

நர்ஸைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார்.

அன்று மாலை அந்த மருத்துவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் இருக்கும். ஆடுகிற பல் இருக்கிறதா, சர்க்கரை மாத்திரை எது, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலியாமே" என்ற அம்மாவின் பயம் அப்போதுதான் வெளியே வந்தது. சில நாள் தலைவலி வரலாம், வந்தால் உடனே சொல்லுங்கள். தீராத முதுகுவலிக்கு இந்த ஊசி காரணமில்லை என்றார். அன்றிரவு அம்மா தூங்கினார்.

மயக்க மருத்துவர் உங்கள் ஊழியர் இல்லை, நாலு மருத்துவமனைக்கு ஓடுகிறவர் என்பது தெரியும். மயக்க மருத்துவர் கட்டணம் என்று பில்லில் தனி வரி போடுகிறீர்களே, அதில் முதல் நாள் மாலை வருகையையும் சேர்த்து அவருக்குக் கொடுங்கள். 1846இல் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து ஒரு கட்டியை அறுத்த நாளை நினைத்து, உலக மயக்கவியல் தினமான அக்டோபர் 16 அன்று வாசலில் பேனர் வைப்பதைவிட இது உபயோகம். கூடவே, பத்து மணி என்று எல்லோருக்கும் ஒரே கெடு வைக்காமல், எத்தனை மணி வரை சாப்பாடு, எத்தனை மணி வரை தண்ணீர் என்று அவரவர் ஆபரேஷன் நேரத்துக்கு ஏற்ப ஒரு சீட்டு எழுதிக் கட்டிலில் மாட்டுங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு முட்டி பாக்கி இருக்கிறது. தை பிறந்ததும் தேதி கேட்கப் போகிறோம். இந்த முறை முதல் கேள்வி, மயக்க மருத்துவர் எப்போது வருவார் என்பதுதான்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்